கேழ்வரகில் ஒரு பச்சைக் கோடு

ஆறே கால். வெயில் இன்னும் படுத்த வாக்கில்தான் இருக்கிறது, நல்லது, அப்படியே கிட, ஒரு முக்கால் மணி நேரத்துக்கு எழுந்திருக்காதே. சாய்ந்த வெயிலில்தான் நிலம் ஏதாவது சொல்லும், உச்சிக்கு ஏறிவிட்டால் மேடும் பள்ளமும் ஒன்றுபோலத் தெரியும், அப்புறம் நான் ட்ரோனை மூட்டை கட்டிக்கொண்டு புதுக்கோட்டைக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். மூன்று பேட்டரி. ஒன்றுக்கு இருபத்தைந்து நிமிஷம் என்று டப்பாவில் போட்டிருக்கிறான், காற்றடித்தால் பதினைந்து, என் ராசிக்குப் பன்னிரண்டு. ஏழரைக்கு இந்த வயல்காரி சிகப்பி மோட்டாரைப் போட்டுவிடுவாள். மும்முனைக் கரண்டு காலையில் ஒன்பது வரைக்கும்தான், அதற்குள் மூன்று குறுக்க நிலத்துக்கும் தண்ணீர் ஓட வேண்டும், பாவம், அவளும் என்ன செய்வாள், பயிர் கிடக்கிற கிடப்பு அப்படி. நேற்று மத்தியானம் போனில் கேட்டேன், நாளைக்குக் காலையில் கொஞ்ச நேரம் தண்ணீர் பாய்ச்சாமல் இருக்க முடியுமா என்று. ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஏழரை வரைக்கும் போதுமா ஆச்சி?" என்றாள். எங்கள் பக்கத்தில் செட்டியார் வீட்டுப் பெண் என்றால் பதினாறு வயதிலும் ஆச்சிதான், எனக்கு ஐம்பத்திரண்டு, கோபித்துக்கொள்ள வழியே இல்லை. போதும் என்றேன். போதுமா? போதாவிட்டாலும் போதும் என்றுதான் சொல்ல வேண்டும், இன்னும் கொஞ்சம் காயட்டும், உன் பயிர் வாடினால்தான் என் கோடு தெரியும் என்று எந்த வாயால் சொல்வது. ஆனால் நிஜம் அதுதான். பழைய காலத்தில் வெட்டின ஓடை மண் மூடிப்போனாலும் அந்த இடத்து மண்ணில் ஈரம் நிற்கும், மேலே இருக்கிற பயிர் மற்றதெல்லாம் மஞ்சளாகும்போது பச்சையாக நிற்கும். தரையில் நின்று பார்த்தால் ஒரு எழவும் புரியாது, இங்கே நாலு தட்டை பச்சை, அங்கே நாலு தட்டை மஞ்சள், அவ்வளவுதான். மேலே போனால் கோடு. ஊர்க்காரர்களின் கஷ்டகாலம்தான் எங்களைப் போன்ற தொல்லியல்காரர்களுக்கு அறுவடைக் காலம். என்ன தொழிலோ, சீ.

ஏறு, ஏறு, அப்படித்தான். விர்ரென்ற சத்தம் மேலே போகப் போக வண்டுச் சத்தமாகி, அப்புறம் அதுவும் இல்லை. திரையில் என் தலை தெரிகிறது, நரைத்த வகிடு, பக்கத்தில் பை, பைக்குள் அனுமதிக் கடிதம், வரப்பில் கழற்றிப் போட்ட செருப்பு. அங்கே கிணற்று மேட்டில் சிகப்பி, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். அறுபது மீட்டர், எண்பது, நூறு. வயல் ஒரு கைக்குட்டை அளவுக்கு வந்துவிட்டது. கிணறு ஒரு கறுப்புப் பொட்டு. அந்தப் பொட்டின் நட்டநடுவில்தான் சாலை போகிறது. காகிதத்தில் போகிறது. நாளைக்குப் பதினோரு மணிக் கூட்டத்தில் கையெழுத்தானால் தரையிலும் போகும். புறவழிச்சாலை, நாலு வழி, அறுபது மீட்டர் அகலம், கிணறும் அதைச் சுற்றி இரண்டு குறுக்கமும் காலி. யார் புண்ணியத்தில்? சொல்லேன் உமையாள், வாயைத் திறந்து சொல்லேன், யார் புண்ணியத்தில்? முதலில் போட்ட சாலை மேற்கே, பழைய ஊர் மேட்டைக் கிழித்துக்கொண்டு போனது. அந்த மேட்டையும் அதைச் சேர்ந்த எண்ணூறு வருஷத்து நிலங்களையும் காப்பாற்ற வேண்டும் என்று குதியாய்க் குதித்தது நான். கல்வெட்டில் நாலு எல்லையும் சொல்லியிருக்கிறது, எல்லைக்குள் சாலை வரக்கூடாது, எல்லை இதோ இதுதான் என்று படம் போட்டு எழுதிக் கொடுத்ததும் நான். சரி என்று ஏற்றுக்கொண்டார்கள். சாலையைக் கிழக்கே நகர்த்தினார்கள். என் கிழக்கு எல்லைக் கோட்டுக்கு வெளியே, முந்நூறு மீட்டர் தள்ளி, சிகப்பியின் கிணற்றுக்கு மேலே. கூடத்தில் எல்லாரும் கை தட்டினார்கள். நானும் பூரித்துப்போய் நின்றேன், புதுப் புடவை வேறு. சிகப்பி என்று ஒருத்தி இருக்கிறாள் என்றே எனக்கு அன்றைக்குத் தெரியாது. தெரிந்திருந்தால்? தெரிந்திருந்தாலும் எழுதியிருப்பேன், எல்லை எல்லைதான். ஆனால் கோடு தப்பாக இருந்தால்? அதுதான் பன்னிரண்டு நாளாகத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

தெற்கிலிருந்து வடக்கே, மெதுவாக, வரிசை வரிசையாக. அவசரப்படாதே. மஞ்சள், மஞ்சள், காய்ந்த மஞ்சள், பழுப்பு. பக்கத்து வயல்களெல்லாம் பச்சைப் பசேலென்று இருக்கின்றன, இவளுடையது மட்டும் ஏன் இப்படி? கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டதோ. கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, கேட்டால் பேச்சு வளரும், பேச்சு வளர்ந்தால் நீங்கள் யார், எதற்கு வந்தீர்கள் என்று வரும், அப்புறம் நான்தான் உன் கிணற்றின் தலையில் சாலையைப் போட்டவள் என்று சொல்ல வேண்டும். சொல்லத்தான் வேண்டும். இன்றைக்கு. கோடு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். கிடைக்காவிட்டால் எப்படிச் சொல்வது? அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். பன்னிரண்டு நாளைக்கு முன்னால் வேறு எதற்கோ செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது இந்த வயலில் ஒரு மயிரிழை, பச்சை, இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத அளவுக்கு. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன், இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன், இல்லை. இடது கண்ணில் புரை ஆரம்பித்திருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அதற்கும் பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு, இந்தத் தொழிலில் எல்லாருக்கும் உண்டு, யாரும் வெளியே சொல்வதில்லை. பார்க்க ஆசைப்பட்டால் எதுவும் தெரியும். கறை படிந்த சுவரில் முகம் தெரிவதுபோல. போன தடவை எனக்குத் தெரிந்ததே, அழகாக, அடிஸ்கேல் வைத்துப் போட்டதுபோல நேராக ஒரு கோடு, மேற்கே, ஊர் மேட்டை ஒட்டி. நேர்கோட்டைப் பார்த்ததும் மனசு துள்ளியது. அந்தத் துள்ளலில்தான் சனியன் வந்து உட்கார்ந்தது. இருபது வருஷமாக மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், அந்தக் காலத்தில் ஒரு ஊருக்கு எல்லை வகுக்கிறார்கள் என்றால் பெண் யானையை நடத்துவார்கள், பிடி சூழ்ந்து என்று எழுதுவார்கள், யானை முன்னால் நடக்கும், நாட்டார்கள் பின்னால் நடப்பார்கள், அது போன தடத்தில் ஓடை வெட்டுவார்கள், கல் நடுவார்கள், கள்ளி வைப்பார்கள் என்று. தொண்டை கிழியச் சொன்னவள் நான். இந்த ஊர்க் கல்வெட்டிலும் அதுதான் இருக்கிறது. யானை அடிஸ்கேல் வைத்தா நடக்கும்? எந்த யானை அப்படி நேராக நடந்தது? ஒரு நிமிஷம் யோசித்தாயா மண்டு? சமஸ்தானத்துக் காலத்தில் போட்ட வண்டிப்பாதையின் பக்கக் கால்வாயாக இருக்கும், நூறு வருஷம்கூட ஆகியிருக்காது, அதைப் போய் எண்ணூறு வருஷத்து எல்லை என்று சத்தியம் பண்ணினேன்.

கல் ஒன்று இருந்தது. அதை நினைத்தால்தான் இன்னும் உடம்பு கூசுகிறது. வடக்கே, வேலிக்குள் பாதி புதைந்து, சூலம் பொறித்த எல்லைக்கல். என் கோட்டுக்கு முந்நூறு மீட்டர் கிழக்கே தனியாக நின்றது. என் கோடு சரி என்றால் அந்தக் கல் அங்கே நிற்க நியாயமே இல்லை. என்ன செய்தேன்? பிற்காலத்தில் இடம் பெயர்க்கப்பட்ட கல் என்று அடிக்குறிப்பில் ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். எங்கள் ஆட்கள் செய்கிற தப்பு இது, எங்களைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாது. எண்ணூறு வருஷமாக நட்ட இடத்தில் நிற்கிற கல்லைப் பார்த்து நீ தப்பான இடத்தில் நிற்கிறாய் என்று சொல்கிற தைரியம் வேறு யாருக்கு வரும். வேதரத்தினத்திடம் முந்தாநாள் சொன்னேன். என்னோடு ஒரே வருஷம் துறையில் சேர்ந்தவர், நல்லவர்தான், நாளைக்குக் கூட்டத்திலும் இருப்பார். "எழுதினது எழுதினதாவே இருக்கட்டும் உமையாள். நீங்களே தப்புன்னு போய் நின்னா, இனிமே நம்ம துறை எந்தக் கோட்டைக் காட்டினாலும் எவன் நம்புவான்? அந்த மேடும் சேர்ந்து போயிடும், பாத்துக்குங்க" என்றார். அதுவும் நியாயம்தான். அதுதான் கொடுமை, எல்லாமே நியாயமாக இருக்கிறது. நான் தப்பு என்று சொன்னால் சாலை திரும்பவும் மேட்டுக்கே போய்விடலாம். சொல்லாவிட்டால் கிணறு. சரியான கோட்டைக் கொண்டுபோய்க் காட்டினால் மட்டும்தான் இரண்டும் பிழைக்கும், சாலை இன்னும் கிழக்கே தள்ளிப்போகும், அங்கே வெறும் புறம்போக்கு, சீமைக்கருவேலங்காடு, யாருக்கும் நஷ்டமில்லை. ஆகவே கோடு வேண்டும். காட்டு. எங்கே இருக்கிறாய், காட்டு.

சத்தம். பீப், பீப், இருபது சதவீதம், அதற்குள்ளா? இறங்கு, இறங்கு, செடி மேலே உட்காராதே, வரப்புக்கு வா. ஒரு பேட்டரி போச்சு. ஒன்றும் கிடைக்கவில்லை. தெற்குப் பாதி முழுக்கப் பார்த்தாயிற்று, அங்கங்கே திட்டுத் திட்டாகப் பச்சை, ஆட்டுக்கிடை போட்ட இடமாக இருக்கும். பேட்டரி உள்ளே போய் உட்கார மாட்டேன் என்கிறது, உட்காரேன் சனியனே. டக். "காபி போட்டுக் கொண்டாரவா ஆச்சி?" சிகப்பி வரப்பு மேலேயே நடந்து வந்திருக்கிறாள், என் வயசுதான் இருக்கும், ஒன்றிரண்டு கூடவோ குறைவோ, காதில் ஓட்டை மட்டும் இருக்கிறது, தோடு இல்லை. "வேண்டாம் சிகப்பி, வெளிச்சம் போயிடும்." "வடக்காக விடுங்க. ஆட்டுக்கிடை போட்டது அந்தப் பக்கம் இல்லை" என்றாள். எதற்குச் சொல்கிறாள்? சும்மா சொல்லியிருப்பாள். ஏறு. இரண்டாவது பேட்டரி. மணி ஆறு நாற்பது. சின்ன வயசில் திருமயம் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள், பள்ளிக்கூடத்துச் சுற்றுலா, எல்லாரும் பீரங்கிமேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார்கள், நான் மதில் ஓரத்தில் நின்று கீழே பார்த்தேன். வயலெல்லாம் கட்டம் கட்டமாக. அதற்கு நடுவில் ஒரு வரப்பு மட்டும் யாருக்கும் அடங்காமல் வளைந்து வளைந்து போனது. ஏன் டீச்சர் அது மட்டும் கோணலாக இருக்கிறது என்று கேட்டேன். வேலையைப் பாருடி என்றார்கள். அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் டீச்சர், நாற்பது வருஷமாக. கோணலைப் பார்க்கத்தான் இந்த வேலைக்கே வந்தேன், வந்து கடைசியில் நேரானதைப் பார்த்து மயங்கினேன்.

பருந்து. ஐயோ, பருந்து. மேலே வட்டம் போடுகிறது, தன் இடத்துக்குள் வேறு எவனோ பறக்கிறான் என்று நினைத்திருக்கும், போன வருஷம் விராலிமலைப் பக்கம் ஒன்று அடித்துக் கீழே தள்ளியே விட்டது. இறங்கலாமா? இறங்கினால் ஏறப் பேட்டரி போதாது. வா, அடி, அடித்தால் அடி, நான் நகர மாட்டேன். இன்றைக்கு விட்டால் எனக்கு வேறு நாள் இல்லை. பக்கவாட்டில் ஒதுக்கு, கொஞ்சம் வடக்கே, இன்னும். போ என் ராசா, உன் கோழிக்குஞ்சைப் பார்த்துக்கொண்டு போ. போகிறது. வயலின் வடக்குப் பாதி. மஞ்சள், மஞ்சள். இரு. நில். நில் என்றேன். இடது கண்ணை மூடு. வலது கண்ணால் பார். பச்சை. மூன்று முழ அகலம் இருக்கும், கிணற்றுக்கு மேற்கே சேராமல் கிழக்கே ஒதுங்கிப் போகிறது, கிணற்றை உள்ளே விட்டுவிட்டுப் போகிறது, கடவுளே, கிணறு உள்ளே இருக்கிறது. ஆசைப்படாதே, ஆசைப்படாமல் பார். குழாய் புதைத்த இடமா? குழாய் புதைத்தவன் நேராகப் புதைப்பான். இது நேராக இல்லை. போகிறது, போகிறது, திடீரென்று ஒரு இடத்தில் பெரிதாக வளைந்து ஒதுங்கி, மறுபடி பழைய திசைக்கு வந்து சேருகிறது. நடுவில் ஒன்றும் இல்லை, மரம் இல்லை, பாறை இல்லை, வெறும் கேழ்வரகு. அன்றைக்கு ஏதோ இருந்திருக்கிறது. சகதியோ, பாம்புப் புற்றோ, யாராவது எதையாவது கொட்டி வைத்திருந்தார்களோ. யானை பார்த்தது, பிடிக்கவில்லை, ஒதுங்கிப் போனது, பின்னால் வந்த அத்தனை பெரிய மனுஷர்களும் வாயை மூடிக்கொண்டு ஒதுங்கிப் போனார்கள், ஓடை வெட்டினவனும் அப்படியே வளைத்து வெட்டினான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரப்பில் தனியாக நின்று ஒரு கிழவி மாதிரிச் சிரித்தேன். இதை என் ஆசை வரையாது. இப்படிக் கோணலாக ஆசைப்பட எனக்குத் தெரியாது.

மூன்றாவது பேட்டரி. ஒரே தட்டில் உள்ளே போய் உட்கார்ந்தது. கோட்டைப் பிடித்துக்கொண்டு வடக்கே. வயல் முடிகிறது, வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் பச்சை எங்கே சேருகிறது என்று எனக்குத் திரையைப் பார்க்காமலே தெரியும், ஆனாலும் பார்த்தேன், பார்த்தே ஆக வேண்டும். கல்லுக்கு. பாதி புதைந்த சூலக்கல்லுக்கு நேராகப் போய் நின்றது. கல் எங்கேயும் போகவில்லை, நான்தான் போயிருந்தேன். ஒவ்வொரு பத்தடிக்கும் ஒரு படம், உயரம் மாற்றி ஒரு தடவை, திசை மாற்றி ஒரு தடவை, நாளைக்கு எவனும் நிழல் என்று சொல்லக் கூடாது, குழாய் என்று சொல்லக் கூடாது, புரை விழுந்த கண் என்று சொல்லக் கூடாது. இருநூற்றுப் பதினெட்டுப் படம். மணி ஏழு இருபத்தைந்து. இறக்கினேன். சிகப்பி மோட்டார் கொட்டகைக்குப் போகாமல் இன்னும் வரப்பிலேயே நிற்கிறாள். இப்போது. இப்போதே சொல்லிவிடு, பையைக் கட்டின பிறகு என்று தள்ளினாயானால் பஸ்ஸில்தான் சொல்லிக்கொண்டிருப்பாய். "சிகப்பி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். இந்தச் சாலை மேற்கே போக வேண்டியது. இங்கே தள்ளி விட்டது நான்தான். நான் எழுதிக் கொடுத்த எல்லை தப்பு. சரியானது உன் வயல்ல ஓடுது, இப்பத்தான் பாத்தேன். நாளைக்குப் போய்ச் சொல்லப் போறேன், உன் கிணறு எல்லைக்குள்ள இருக்குன்னு." திட்டட்டும். மண்ணை வாரித் தூற்றட்டும். வாங்கிக்கொள்கிறேன்.

"தெரியும் ஆச்சி" என்றாள். எது தெரியும்? "உமையாள் ஆச்சின்னு ஒருத்தர் எழுதிக் கொடுத்துத்தான் ரோடு இங்கிட்டு வந்துச்சுன்னு அளக்க வந்த சர்வேயர் சொன்னாரு. நேத்து போன்ல நீங்க பேரைச் சொன்னப்பவே தெரியும், நீங்கதான்னு." குரலில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன், இருந்தது, அடியில், அவள் அதை மேலே வரவிடவில்லை. "பழைய கோட்டுக்குள்ள ரோடு வரக்கூடாதாமேன்னு அவருகிட்டக் கேட்டேன். ஆமான்னாரு. எங்க வயல்லயும் ஒரு கோடு இருக்குங்கன்னு சொன்னேன். மழை பொய்ச்ச வருஷமெல்லாம் பாத்திருக்கேன், உழுகையில அந்த எடம் மட்டும் கறுப்பா பிரளும், பயிரு காயாது. வந்து பாத்தாரு. அப்ப தண்ணி பாச்சி எல்லாம் பச்சையா நின்னுச்சு. எங்கேம்மா கோடுன்னு கேட்டுட்டுச் சிரிச்சுக்கிட்டுப் போயிட்டாரு." அவள் குனிந்து ஒரு காய்ந்த தட்டையை உருவினாள், கதிர் உள்ளே பால் கட்டாமல் சப்பையாக இருந்தது. "அன்னைக்கு மோட்டாரை நிறுத்தினேன் ஆச்சி. இன்னையோட இருபத்திரண்டு நாளு. நீங்க வருவீங்கன்னெல்லாம் தெரியாது. யாராச்சும் மேலேர்ந்து பாப்பாங்கள்லன்னு விட்டுட்டேன்."

இருபத்திரண்டு. நான் அந்த மயிரிழையைப் பார்த்தது பன்னிரண்டு நாளைக்கு முன்னால். அதற்குப் பத்து நாள் முன்னால் இவள் கிணறு நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு, கண்ணெதிரே பயிரைக் காயவிட ஆரம்பித்திருக்கிறாள். தினமும் காலையில் வந்து பார்த்திருப்பாள், இன்னும் மஞ்சளாக வேண்டும் என்று வேண்டியிருப்பாள், விதைத்தவளே. கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன், எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இந்தப் படத்தை நான் எடுக்கவில்லை, இவள் எடுத்தது, நான் மேலே ஒரு பொம்மையைப் பறக்கவிட்டேன், அவ்வளவுதான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, வெட்கமாக இருந்தது, வெட்கத்தைவிட அந்தச் சர்வேயர்மேல், வேதரத்தினத்தின்மேல், எல்லாரையும்விட என்மேல் ஆத்திரமாக இருந்தது. நாளைக்கு என்ன நாளைக்கு. போனை எடுத்தேன், வரப்பில் நின்றபடியே கூட்டத்து அதிகாரிக்கும் வேதரத்தினத்துக்கும் சேர்த்து அடித்தேன், என் முதல் அறிக்கையில் கிழக்கு எல்லை தவறு, சரியான எல்லையைச் சுட்டியவர் நிலத்துக்குச் சொந்தக்காரர் திருமதி சிகப்பி, நாளைக்கு அவரும் கூட்டத்துக்கு வருகிறார், படங்கள் இதோ. அனுப்பு. போய்விட்டது. இனி எடுக்க முடியாது, எடுக்கவும் மாட்டேன். நிமிர்ந்தால் சிகப்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், முதல் தடவையாக அவள் கண்ணில் பயம். எதற்குப் பயப்படுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

"என்ன ஆச்சி, அழுகுறீங்க? கோடு சரியா விழலையா?" என்றாள். "வேணும்னா சொல்லுங்க, இன்னும் ரெண்டு நாள் காயப்போடுறேன்."

போய் மோட்டாரைப் போடு சிகப்பி, மொதல்ல போய் மோட்டாரைப் போடு என்று அந்த வயலே கேட்கும்படி கத்தினேன்.